ஆஸ்துமா தரும் பயத்துக்கு ஆன்டிஆக்சிடன்ட் மருந்தாகுமா?

கேள்வி:

டாக்டர், எனக்கு 43 வயது. ஈரோட்டில் குடியிருக்கிறோம். கணவருக்கு மஞ்சள் வியாபாரம். சிறு வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. முன்பெல்லாம் இளைப்பு வந்தால் மருந்து போடுவேன், சரியாகிவிடும். இப்போது இளைப்பைவிட, இளைப்பு வந்துவிடுமோ என்ற பயம்தான் என்னை வாட்டுகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் தெருமுனை வரைக்கும் போக முடிவதில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார் கணவர்.

ஆஸ்தலின் இன்ஹேலர் மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரும் எழுதிக்கொடுத்தார்கள். பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டேன். இரவில் மான்டிலுகாஸ்ட் மாத்திரை ஒன்று போடுகிறேன். படபடப்புக்கு என்று போன வாரம் வேறொரு டாக்டர் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்திருக்கிறார். எனக்கு ஆஸ்துமா இருப்பதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

என் அக்கா மகன் பி.ஃபார்ம் படிக்கிறான். ஆஸ்துமா உள்ள எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் பயம் குறைகிறதாம். விட்டமின் சி, விட்டமின் இ, குளுட்டத்தயோன், என்-அசிட்டைல்சிஸ்டீன் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்கிறான். கணவர் மஞ்சள் கேப்சூலைச் சாப்பிடச் சொல்கிறார். இவற்றைச் சாப்பிட்டால் என் பயம் போகுமா? இது உடம்பு நோயா, மன நோயா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அவசரமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புரோப்ரனலால் மாத்திரையை ஆஸ்துமா உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது. அடுத்த வேளை மாத்திரையைக் கையில் எடுக்கும் முன், அதைக் கொடுத்த மருத்துவரையோ உங்கள் ஆஸ்துமா மருத்துவரையோ கூப்பிட்டு, "எனக்கு ஆஸ்துமா இருக்கிறது" என்று சொல்லுங்கள். படபடப்பு, கை நடுக்கம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும் பீட்டா ஏற்பிகளை இது அடைத்துவிடுகிறது. அதனால் மூச்சுக்குழாய் சுருங்கும். அதைவிட ஆபத்து, இளைப்பு வரும்போது நீங்கள் அடிக்கும் ஆஸ்தலின் வேலை செய்ய வேண்டியதும் அதே ஏற்பிகளில்தான் என்பது. மாத்திரை அங்கே இடம்பிடித்திருந்தால் இன்ஹேலர் பலிக்காமல் போகலாம். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் இதே வகையைச் சேர்ந்தது. அது கண்ணில் போடும் மருந்தாக இருந்தாலும் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வரை போகும். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், "எனக்கு ஆஸ்துமா" என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

உடம்பா, மனசா?

இரண்டும்தான். இதில் உங்கள் பலவீனம் எதுவும் இல்லை. ஆஸ்துமா இல்லாதவர்களைவிட ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பதற்ற நோயும் திடீர்ப் பீதியும் அதிகம் வருகின்றன என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. மூச்சு கிடைக்காமல் போவது மூளைக்குத் தெரிந்த அபாயங்களிலேயே பெரியது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் உடனே எச்சரிக்கை மணி அடிக்கும்படி மூளை அமைந்திருக்கிறது. பய உணர்வுக்கு மையமான அமிக்டலா என்ற பகுதி, கரியமில வாயுவால் ஏற்படும் அமிலத்தன்மையை நேரடியாகவே உணர்கிறது என்று 2009-இல் எலிகளில் கண்டறிந்தார்கள். மூச்சுத் திணறலைப் பல முறை அனுபவித்த மூளையில் இந்த மணி சிறிய காரணத்துக்கும் அடிக்கத் தொடங்குகிறது.

இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் நாள்பட்ட அழற்சி. அங்கே குவியும் ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் வெளியிடும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. நுரையீரலில் தொடங்கும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒவ்வாமைப் பொருளைச் சுவாசிக்கக் கொடுத்து, பிறகு 'வீசிங்' போன்ற சொற்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். உணர்ச்சிகளைக் கையாளும் இரண்டு பகுதிகள் அச்சொற்களுக்குக் கூடுதலாகத் தூண்டப்பட்டன. அந்தத் தூண்டல், நுரையீரலில் இருந்த அழற்சியின் அளவோடு ஒத்துப்போனது. ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்றாலும், காட்டிய திசை முக்கியமானது. அதே பல்கலைக்கழகத்தினர் 2002-இல் கல்லூரி மாணவர்களிடம் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். ஒவ்வாமைப் பொருள் ஒன்றாகவே இருந்தபோதும், தேர்வுக் காலத்தில் அவர்களின் மூச்சுக்குழாயில் அழற்சி அதிகமாக இருந்தது. அழற்சி பயத்தைக் கூட்டுகிறது, பயம் அழற்சியைக் கூட்டுகிறது. "எல்லாம் உன் மனசுதான்" என்று உங்கள் கணவர் சொல்வது இதனால்தான் சரியல்ல. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் இதில் எங்கே வருகிறது?

அழற்சியில் ஈடுபடும் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதங்கள் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள். ஆஸ்துமாவில் கிருமி இல்லாமலேயே இவை வெளியாகி, மூச்சுக்குழாயின் உட்சுவரைத் தாக்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் விடும் மூச்சுக் காற்றைக் குளிரவைத்துச் சோதித்தால் அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகம் இருப்பது தெரியும். இவற்றைச் சமாளிக்க உடம்பு தானே தயாரிக்கும் காவலர்கள்தான் குளுட்டத்தயோனும் சில நொதிகளும். உணவிலிருந்து கிடைக்கும் விட்டமின் சி, இ போன்றவையும் துணை நிற்கின்றன. இந்தக் காவலர்களே ஆன்டிஆக்சிடன்ட்கள். தாக்குபவை கூடி, காப்பவை போதாமல் போகும் நிலையை ஆக்சிகர அழுத்தம் என்கிறோம். மூளைக்கு இது எளிதில் பாதிப்பைத் தரும். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே இருந்தாலும், உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை மூளை எடுத்துக்கொள்கிறது. அதில் எளிதில் ஆக்சிகரணம் அடையும் கொழுப்பும் நிறைய இருக்கிறது.

அக்கா மகன் சொன்ன எலிகளின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முட்டை வெள்ளையில் உள்ள புரதத்தையோ வீட்டுத் தூசுச் சிற்றுண்ணியின் சாற்றையோ கொடுத்து எலிகளுக்கு ஆஸ்துமா போன்ற நிலையை உண்டாக்குவார்கள். பிறகு கூட்டல் குறி வடிவில், தரையிலிருந்து உயர்த்தி அமைத்த நடைபாதையில் அவற்றை விடுவார்கள். அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்திருக்கும். பதற்றம் மிகுந்த எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். ஆஸ்துமா எலிகள் இப்படிப் பதுங்குவதையும், அவற்றின் மூளையில் அழற்சியின் அடையாளங்கள் இருப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிகர அழுத்தத்தைக் குறைத்தால் பதற்றமும் குறையுமா என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது. நியாயமான, ஆராயத் தக்க கேள்வி. உங்கள் அக்கா மகன் தவறாகச் சொல்லவில்லை.

ஆனால் எலிகளே வேறொன்றையும் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஐரிஸ் ஹோவட்டாவும் சகாக்களும் 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிகர அழுத்தத்திலிருந்து காக்கும் பணியில் உள்ள இரண்டு நொதிகளை எலி மூளையில் கூடுதலாகச் சுரக்கவைத்தார்கள். அவற்றில் ஒன்று, குளுட்டத்தயோனைப் புதுப்பிக்கும் நொதி. அந்த எலிகளின் பதற்றம் குறையவில்லை, கூடியது. ஆகவே ஆன்டிஆக்சிடன்டைக் கூட்டினால் பயம் குறையும் என்ற கணக்கு மூளையில் அவ்வளவு எளிதாகச் சரிவருவதில்லை. வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் தீமை மட்டும் செய்பவை என்றும் எண்ணிவிட வேண்டாம். செல்கள் ஒன்றோடொன்று பேசவும் கிருமிகளை எதிர்க்கவும் அவை வேண்டும்.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது?

ஆஸ்துமாவோடு வரும் பயத்துக்கு மருந்து என்று சொல்லி ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைக் கொடுக்கும் அளவுக்கு மனிதர்களிடம் சான்று சேரவில்லை. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் 'ஜினா' வழிகாட்டு நெறிகளிலும் அப்படி ஒரு பரிந்துரை இல்லை. மூச்சுக்குழாய்க்காவது பயன் உண்டா என்று பார்த்த ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு தொகுத்து 2013-இலும் 2014-இலும் வெளியிட்டது. முதலாவது விட்டமின் சி பற்றியது, இரண்டாவது சி, இ இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே இரண்டின் முடிவும்.

ஒரு நல்ல செய்தி மெக்சிகோ நகரத்திலிருந்து வந்தது. ஓசோன் மாசு மிகுந்த அந்த நகரில் ஆஸ்துமா உள்ள 158 குழந்தைகளுக்கு விட்டமின் சி, இ மாத்திரைகளையோ வெற்று மாத்திரைகளையோ கொடுத்துப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்துமா சற்றுக் கடுமையாக இருந்த குழந்தைகளிடம், மாசினால் நுரையீரல் திறன் குறைவது விட்டமின்களால் ஓரளவு தடுக்கப்பட்டது. காப்பவை குறைந்து தாக்குபவை மிகுந்த இடத்தில் பயன் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஆஸ்திரேலியாவில் லிசா வுட் குழுவினர் 2012-இல் வெளியிட்டது. ஆஸ்துமா உள்ள 137 பெரியவர்களில் ஒரு பகுதியினர் தினமும் 5 பங்கு காய்கறியும் 2 பங்கு பழமும் சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்குக் காய்கறி 2 பங்குக்கும் பழம் 1 பங்குக்கும் மேல் இல்லை. 14 நாட்களிலேயே, நிறையச் சாப்பிட்டவர்களின் நுரையீரல் அளவுகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தன. அதன் பிறகும் தொடர்ந்து கவனித்தபோது, காய்கறியும் பழமும் குறைத்தவர்களுக்கு ஆஸ்துமா முற்றும் வாய்ப்பு 2.26 மடங்கு இருந்தது. குறைத்துச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தக்காளியிலிருந்து எடுத்த லைக்கோபீன் கேப்சூலைக் கொடுத்தும் பார்த்தார்கள். வெற்றுக் கேப்சூலைவிட அதனால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. உணவாகச் சாப்பிட்டபோது கிடைத்த பலன் கேப்சூலில் வரவில்லை. உங்கள் கேள்விக்கு மனிதர்களிடமிருந்து கிடைத்திருக்கும் பதில்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

நீங்கள் குறிப்பிட்ட மாத்திரைகள்

குளுட்டத்தயோன்: வாய் வழியே சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். நுரையீரலுக்கு நேராகப் போகட்டும் என்று லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நெபுலைசரில் கொடுத்துப் பார்த்தபோது மூச்சுக்குழாய் சுருங்கியது. 1997-இல் வந்த ஆய்வு அது. தோல் வெளுக்க என்று அழகு நிலையங்களில் போடும் குளுட்டத்தயோன் ஊசியின் பக்கமே போகாதீர்கள்.

என்-அசிட்டைல்சிஸ்டீன்: உடம்பு குளுட்டத்தயோன் தயாரிக்க உதவும் பொருள். பாராசிட்டமால் அதிகமாக உட்கொண்டவர்களின் கல்லீரலைக் காக்கும் அருமையான மருந்து. சளியை இளக்கவும் தருகிறார்கள். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதை நெபுலைசரில் கொடுத்தால் இளைப்பு வரலாம். நரம்பு வழியே ஏற்றும்போது ஒவ்வாமை போன்ற எதிர்வினை வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதல். மருத்துவர் பார்த்து எழுதாமல் நீங்கள் எடுக்க வேண்டாம்.

விட்டமின் சி: உணவில் போதுமான அளவு கிடைத்துவிடும். கேப்சூல் என்றால் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. அதற்குக் குறைவாகவே இருந்தாலும் சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவு மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

விட்டமின் இ, பீட்டா கரோட்டீன்: அதிக அளவு விட்டமின் இ ரத்தக் கசிவைக் கூட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இது ஆபத்து. அமெரிக்காவில் 'செலக்ட்' என்ற பெரிய ஆய்வில், விட்டமின் இ மட்டும் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக இருந்தது 2011-இல் தெரியவந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தி 1994-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 சதவீதம் கூடியது. நல்லதுதானே, கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு மருத்துவ உலகம் கற்ற கடினமான பாடம் இது.

மஞ்சள் கேப்சூல்: குழம்பிலும் பாலிலும் மஞ்சள் சேர்ப்பதைத் தொடருங்கள். கேப்சூலில் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்து உடம்பு அதிகம் உறிஞ்சும்படி செய்திருப்பார்கள். இத்தகைய தயாரிப்புகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். உங்கள் கணவர் அன்பில் சொல்கிறார். அந்த அன்பை மஞ்சள் தூசு உங்கள் மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்வதில் காட்டச் சொல்லுங்கள். மண்டியிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டு அவர் வீட்டுக்குள் புழங்குவது உங்களுக்கு எந்தக் கேப்சூலையும்விட நன்மை செய்யும்.

உங்களுக்கான சிறந்த ஆன்டிஆக்சிடன்ட்

நீங்கள் நிறுத்திவிட்ட அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். வெள்ளணுக்கள் குவிவதையே அது குறைக்கிறது. அவை குவியாவிட்டால் ஆக்சிகர மூலக்கூறுகள் வெளியாவதும் குறைகிறது. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும்போது விசிறியால் புகையை விரட்டிக்கொண்டிருப்பது கேப்சூல் என்றால், அந்த விறகையே வெளியே இழுத்துப் போடுவது இந்த இன்ஹேலர்.

பழக்கமாகிவிடும் என்ற பயத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். புடிசோனைடு இன்ஹேலரில் ஒரு முறை உள்ளே போவது பெரும்பாலும் 200 மைக்ரோகிராம், அதாவது 1 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் தேவையான இடத்துக்கு நேராகப் போகிறது. இளைப்பு முற்றி மருத்துவமனைக்குப் போனால் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஒரு நாளைக்கு 30, 40 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரை தேவைப்படுவது குறைகிறது. இது போதைப் பழக்கத்தை உண்டாக்கும் மருந்தும் இல்லை. எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண், குரல் கம்முதல் போன்ற தொல்லைகளும் பெரும்பாலும் வராது.

நீங்கள் மாதம் ஒரு ஆஸ்தலின் தீர்ப்பது என்னைக் கவலைப்பட வைக்கிறது. அது சுருங்கிய தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடாது. ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் இத்தகைய இன்ஹேலர்களைத் தீர்ப்பவர்களுக்கு ஆஸ்துமா கடுமையாக முற்றும் அபாயம் கூடுகிறது. 12 அல்லது அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீங்கள் அந்த 12-இல் நிற்கிறீர்கள். ஆஸ்தலினை மட்டும் நம்பியிருப்பதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஜினா நெறிகள் 2019-இலேயே மாற்றப்பட்டன. ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரித் தடுப்புக்கும், இளைப்பு வரும்போது நிவாரணத்துக்கும் பயன்படுத்தும் முறை இப்போது இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான முறை அது. மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலர் எடுக்கும் விதத்தையும் அவர் முன்னால் செய்து காட்டுங்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மருந்தை அழுத்தியபடி மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். ஸ்பேசர் குழாய் வைத்து எடுத்தால் மருந்து நுரையீரலுக்குள் கூடுதலாகப் போகும்.

அடுத்தது, வெளியிலிருந்து வரும் ஆக்சிகரணிகள். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, பிறர் விடும் சிகரெட் புகை எல்லாமே உங்கள் மூச்சுக்குழாயின் காவலர்களைச் செலவழித்துத் தீர்ப்பவை. கொசுவுக்கு வலை கட்டுங்கள். சாமிக்கு விளக்கு மட்டும் போதும்.

மூன்றாவது, தட்டு. காலையில் ஒரு கொய்யாவோ பெரிய நெல்லிக்காயோ, மதியம் ஒரு கீரையும் இரண்டு காயும், மாலையில் பப்பாளியோ ஆரஞ்சோ. நம் ஊரில் பலரது தட்டில் சோறு மலைபோல இருக்கும், பொரியல் ஒரு கரண்டிதான் இருக்கும். அந்த அளவை மாற்றினாலே போதும். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் விட்டமின் சி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு கொய்யாவில் அதற்கு மேலேயே இருக்கிறது.

மருந்துகளே பயத்தைக் கூட்டுகின்றனவா?

கூட்டலாம். ஆஸ்தலினை அடிக்கடி அடித்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்தப் படபடப்பைப் பயம் என்று மனம் எடுத்துக்கொள்ளும். பயந்து இன்னொரு பஃப் அடிப்போம். டெரிபிலின் போன்ற தியோஃபிலின் வகை மருந்துகளும் படபடப்பு, தூக்கமின்மை, பதற்றத்தைத் தரும். சில ஆன்டிபயாடிக்குகளோடு சேரும்போது தியோஃபிலினின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். மான்டிலுகாஸ்ட் பற்றி 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. பதற்றம், கெட்ட கனவு, மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம்கூட இதனால் வரலாம். பெரும்பாலோருக்கு எதுவும் வருவதில்லை. ஆனால் உங்கள் பயம் இந்த மாத்திரை தொடங்கிய பிறகு கூடியதா என்று யோசித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியானால் அவர் வேறு வழி யோசிப்பார். கூடவே ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டுமே படபடப்பைத் தரும்.

விடியற்காலைப் பயத்தை நான் வெறும் பயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சுக்குழாய் நாளிலேயே அதிகம் குறுகுவது அதிகாலை நான்கு மணியை ஒட்டித்தான். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்கு, அந்த நேரத்தில் தூக்கம் கலைவது ஒரு முக்கியமான அடையாளம்.

இளைப்பா, பீதியா என்று எப்படித் தெரியும்?

'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற சிறிய கருவியை வாங்குங்கள். விலை அதிகமில்லை, மின்சாரமும் வேண்டாம். நன்றாக இருக்கும் இரண்டு வாரங்களில் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, அதில் வரும் மிக உயர்ந்த அளவைக் குறித்து வையுங்கள். பயம் வரும்போது ஊதிப் பாருங்கள். அந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். மூச்சை வெளியே விடச் சிரமம், விசில் சத்தம், இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை இளைப்பின் பக்கம். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, அடிக்கடி பெருமூச்சு, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையவில்லை என்ற உணர்வு ஆகியவை பீதியின் பக்கம். இரண்டும் சேர்ந்தும் வரும். சந்தேகமாக இருந்தால் இளைப்பு என்றே எடுத்துக்கொண்டு இன்ஹேலரை அடியுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. ஊதும் அளவு பாதிக்குக் கீழே போனாலோ, ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் அடித்தும் குறையாவிட்டாலோ 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பயத்துக்கு நேரடி சிகிச்சை உண்டு

ஆஸ்துமா கட்டுக்குள் வந்தாலே பயம் பெருமளவு குறையும். மீதி இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. முதலாவது, மூச்சுப் பயிற்சி. மூக்கு வழியே, வயிறு ஏறி இறங்கும்படி, மெதுவாக, அவசரமில்லாமல் மூச்சு விடப் பழகுவது. இங்கிலாந்தில் ஆஸ்துமா உள்ள 655 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றவர்களுக்கும் வீட்டிலேயே டிவிடி பார்த்துக் கற்றவர்களுக்கும் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. நுரையீரல் அளவுகள் மாறவில்லை. ஆகவே பயிற்சி இன்ஹேலருக்குத் துணைதான், மாற்று இல்லை. நீங்கள் பிராணாயாமம் செய்பவராக இருந்தால் மெதுவான முறைகளைத் தொடருங்கள். வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி போன்றவை இப்போது வேண்டாம்.

இரண்டாவது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை. தெருமுனை வரை போவது, பிறகு கடைக்கு, பிறகு ஒரு கல்யாணத்துக்கு என்று படிப்படியாக உங்களை வெளியே அழைத்து வரும் முறை அது. மூன்றாவது, தேவைப்பட்டால் மருந்து. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை மூச்சுக்குழாயைச் சுருக்குவதில்லை. மனநல மருத்துவர் பார்த்து, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கணக்கில் கொண்டு தருவார். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவை மூச்சை மந்தமாக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் டெலி மனாஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆகவே வரிசை இதுதான். இன்றே புரோப்ரனலால் பற்றிப் பேசுங்கள். இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்து, தடுப்பு இன்ஹேலரைத் திரும்பத் தொடங்குங்கள். வீட்டிலிருந்து புகையையும் தூசையும் வெளியேற்றுங்கள். தட்டில் காயையும் பழத்தையும் கூட்டுங்கள். மூன்று மாதம் கழித்தும் பயம் மிச்சமிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அக்கா மகனிடம், கேப்சூலுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு ஸ்பேசரும் பீக் ஃப்ளோ மீட்டரும் வாங்கி வரச் சொல்லுங்கள். ஆன்டிஆக்சிடன்ட் ஆய்வுகள் தொடரட்டும், நாளை நல்ல மருந்து வரலாம். உங்கள் பயத்தைக் குறைப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய மருந்துகள் இன்றே உங்கள் ஊரில் கிடைக்கின்றன. அடுத்த கல்யாணத்துக்கு நீங்கள் போய் வர வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.